ஒரே ஒரு வரிதான், கோதை

சம்மதம் என்கிறேன், பட்டை அசையவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குகிறவளை எழுப்பும் குரலில் இன்னொரு முறை சம்மதம் என்கிறேன், அசையவில்லை. திரையின் ஓரத்தில் மைக் படத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறது, பேசினால் அது பச்சையாகித் துள்ள வேண்டும், நேற்று மாலை வக்கீல் ரெஹானாவுடன் ஒத்திகை பார்த்தபோது துள்ளத்தான் செய்தது, அதற்குப் பிறகு இந்த மடிக்கணினி தனக்கு ஒரு புதுப்பிப்பு வந்திருப்பதாகப் பணிவுடன் அறிவித்தது, நானும் பணிவுடன் சரி என்றேன், காலையில் திறந்து பார்த்தால் அதற்குக் காது போயிருக்கிறது. என்னைப் பார்க்கிறது, கேட்க மாட்டேன் என்கிறது. கேமராவில் என் முகம் தேவைக்கு அதிகமாகவே தெளிவாக இருக்கிறது: நெற்றியில் வியர்வை, கழுத்தில் இரண்டு மடிப்பு, பின்னால் நாட்காட்டியைக் கழற்றிய இடத்தில் ஓர் ஆணி. சுவரில் சாமி படம் வேண்டாம், துணிக்கொடி தெரிய வேண்டாம், யாரும் குறுக்கே நடக்க வேண்டாம் என்று ரெஹானா சொல்லியிருந்தாள், சொன்னதையெல்லாம் செய்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கட்டி, நீதிமன்றம் பார்க்கப்போவது இடுப்புக்கு மேலேதான் என்று தெரிந்தும் கொசுவத்தை ஒழுங்காக மடித்துச் செருகி, உறையூர் மாடிவீட்டின் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பதினொரு மணிக்குச் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தின் திரையில் இங்கிருந்து நான் தோன்ற வேண்டும், புனேயிலிருந்து ரத்தினவேல் தோன்ற வேண்டும், கணவன் மனைவியாக இருந்த நாங்கள் இருவரும் பிரிவதற்குச் சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும். வாயால். மனுவில் கையெழுத்துப் போட்டது போதாது, தலையை ஆட்டினால் போதாது, எழுதிக் காட்டினால் போதாது, அந்தச் சொல் நீதிபதியின் காதில் போய் விழ வேண்டும். பொருளாதாரம் கற்பிக்கிற ஒரு பேராசிரியை, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவதற்காக ஒரு பட்டையைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். சம்மதம். சம்மதம், அம்மா. எனக்குப் பூரண சம்மதம். நாசமாய்ப் போ.

அமைப்புகளுக்குப் போய் ஒலி என்ற இடத்தைத் திறந்தேன். உள்ளீட்டுக் கருவி எதுவும் இல்லை என்கிறது. எப்படி இல்லாமல் போகும், என் முகத்துக்கு நேரே, கேமராவுக்குப் பக்கத்தில், குண்டூசி முனை அளவில் இரண்டு துளைகள், விரலால் தொட்டுப் பார்க்கிறேன், இருக்கின்றன, உள்ளே மைக் இருக்கிறது, நேற்று இருந்தது. அங்கேயே ஒலியை அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன், இல்லை என்றே சொல்கிறது, கண்ணெதிரே நிற்கிறவரை இல்லை என்று சொல்லும் அரசு அலுவலகத்தின் அதே நிதானத்தோடு. போனை எடுத்து இணையத்தில் தேடினேன். எந்த ஊர்க்காரியோ, என் நிலைமையை அப்படியே எழுதியிருக்கிறாள், புதுப்பித்தேன், மைக் போய்விட்டது, மாலையில் ஒரு நேர்காணல் இருக்கிறது, யாராவது உதவுங்கள். முதல் ஆள் எந்தப் பதிப்பு என்று கேட்கிறான். இரண்டாம் ஆள் இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டது என்கிறான். மூன்றாம் ஆள் இதுகூடத் தெரியாதவர்களுக்கு லினக்ஸ் எதற்கு, விண்டோஸே போதாதா என்கிறான். நான்காவது ஒரு புண்ணியவான் ஒரு நீண்ட வரியை எழுதி, டெர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து இதை ஒட்டு என்கிறான். அடுத்தவன், ஐயோ அதைச் செய்யாதே, செய்தால் எல்லாம் போய்விடும் என்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகிறார்கள். அவள் அப்புறம் எழுதவே இல்லை. நேர்காணலுக்குப் போனாளா, அவளுக்கு அந்த வேலை கிடைத்ததா, ஒருவனாவது கேட்டானா? கேட்கவில்லை. அவர்களுக்கு அவள் ஒரு சந்தர்ப்பம், தங்கள் அறிவைக் காயப்போடக் கிடைத்த கொடிக்கயிறு.

எனக்கு லினக்ஸ் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, அதுதான் எரிச்சல். பொதுவில் வைத்தது பொதுவிலேயே இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் போய்விடக் கூடாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் நின்று சொல்கிறவள் நான், ஊர்ப் பொது ஏரியைப் பற்றிச் சொல்லும்போது இந்த மென்பொருளையும் சேர்த்தே சொல்வேன். ரத்தினவேலின் வீட்டைவிட்டு வந்தபோது அவர் வாங்கிய மிக்ஸியை விட்டுவிட்டு வந்தேன், அவர் போட்ட லினக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன், நம்பிக்கையை யார் கொடுத்தது என்று பார்த்தா வைத்துக்கொள்வது. ஆனால் போட்ட விதம் இருக்கிறதே. விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன், முதுகு வலியோடு திரும்பி வந்து கணினியைத் திறந்தால் அது என்னுடையதாக இல்லை, ஊதா நிறத்தில் எதுவோ சிரிக்கிறது. "திருட்டு விண்டோஸை எடுத்துட்டேன் கோதை, உன் ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு, இனிமே வைரஸ் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றார், பிறந்தநாள் பரிசு கொடுக்கிறவர் முகத்தோடு. எனக்குத் தெரியாமல் ஏன் செய்தீர்கள் என்று ஆரம்பித்தேன். "தெரிஞ்சா வேணாம்னிருப்பே" என்று முடித்தார். எல்லா வாக்கியத்தையும் அவரே முடிப்பார். பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு வரிதான் கோதை என்று கறுப்பாக ஒரு சாளரத்தைத் திறந்து, அதில் நான் படிப்பதற்குள் எதையோ தட்டி, எழுத்துகள் மழைபோல் ஓட, மூடிவிட்டுப் போனார். பிரிண்டர் வேலை செய்தது. பிறகு தமிழ் எழுத்து உடைந்து வந்தது. ஒரே ஒரு வரிதான். ப்ரொஜெக்டர் தெரியவில்லை, ஒரே ஒரு வரிதான். அந்த வரி என்னவென்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை, கேட்டால் "அது உனக்கு எதுக்கு, நான்தான் இருக்கேனே" என்பார், அன்பாகத்தான் சொல்வார், அதுதான் தொல்லை, அன்பில்லாமல் சொல்லியிருந்தால் பத்து வருஷம் முன்பே கிளம்பியிருப்பேன்.

ஒரு முறை சண்டையே போட்டோம், விருந்தாளிகள் முன்னால், அவருடைய அலுவலக நண்பர்கள், எல்லோரும் லினக்ஸ் பக்தர்கள். வீட்டில் கடிதம் எழுதி, படம் பார்த்து, ரயிலுக்கு முன்பதிவு செய்கிற மனுஷிக்கு இந்தக் கறுப்புச் சாளரம் எதற்கு, அது இல்லாமல் ஓடாது என்றால் நீங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன். "படங்களைச் சொடுக்கிச் சொடுக்கி வேலை செய்யறது குழந்தைங்க வேலை கோதை. கமாண்ட் லைன்ல உட்கார்ந்தாதான் கணினி உன்கிட்ட உண்மையைப் பேசும்" என்றார் ரத்தினவேல். பஸ்ஸில் போவதற்கு எஞ்சின் தெரிந்திருக்க வேண்டுமா என்றேன். "பஸ்ஸுக்கு டிரைவர் இருக்கார்ல?" என்றார், நண்பர்கள் சிரித்தார்கள். அந்த டிரைவர் நீங்கள்தானா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் வடை நன்றாக இருக்கிறது என்றார். அது கடையில் வாங்கிய வடை. இதையெல்லாம் போய் சமரச மையத்தில் எப்படிச் சொல்வது? அடிப்பாரா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். குடி? இல்லை. வேறு பெண்? அவருக்கு அதற்கு நேரம் ஏது. "அப்புறம் என்னம்மா குறை?" என்று கேட்ட அந்தப் பெரியவரிடம், ஐயா, என் வீட்டில் ஒரு கதவு இருக்கிறது, அதை அவர் மட்டும்தான் திறப்பார், எனக்காகத்தான் திறப்பார், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே திறப்பார் என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பாரா? ஒத்துப்போகவில்லை என்றேன். ஒத்துப்போகவில்லை என்று எழுதிக்கொண்டார்.

ரெஹானாவைப் போனில் பிடித்தேன். நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறாள், பின்னால் யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள். "மேடம், கேமரா வருதுல்ல? மைக் மட்டும்தானே? அப்ப லேப்டாப்பைத் தட்டிப் பாருங்க" என்றாள், டிரான்சிஸ்டரைத் தட்டிய காலத்தில் இவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். போனிலேயே வந்துவிடட்டுமா என்றேன். "வேணவே வேணாம் மேடம். போன வாரம் ஒருத்தர் போன்ல வந்தாரு, ஜட்ஜ் அம்மா கேள்வி கேக்கற நேரத்துல அவருக்கு வேற கால் வந்து திரை அப்படியே நின்னுபோச்சு. அம்மாவுக்கு வந்துச்சே கோபம்! இனிமே ஒழுங்கா உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல வர்றவங்களை மட்டும்தான் கேப்பேன், மத்தவங்க நேர்ல வாங்கன்னு தள்ளி வச்சிட்டாங்க. நமக்கும் தள்ளிட்டா கோடை விடுமுறை முடிஞ்சுதான் தேதி." தள்ளினால் தள்ளட்டும், இரண்டு மாதம்தானே என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்: "அது இல்ல மேடம். கடைசி வார்த்தை சொல்ற வரைக்கும் யார் வேணா மனசை மாத்திக்கலாம். ஒருத்தர் மாட்டேன்னுட்டா இந்த மனு அவ்வளவுதான், முதல்லேருந்து வழக்குப் போட்டு குற்றம் நிரூபிக்கணும். ரத்தினவேல் சார் நேத்து எனக்கு போன் பண்ணினாரு. கோதை நல்லா யோசிச்சிட்டாளான்னு கேட்டாரு." குற்றம் நிரூபிக்க வேண்டும். என்ன குற்றம்? பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்த குற்றமா? தண்ணீர் குடித்தேன், தண்ணீர் புடவையில் சிந்தி, கஞ்சி போட்ட இடம் கருத்து வட்டமாகிவிட்டது, இடுப்புக்கு மேலே. அது மட்டும் நன்றாகத் தெரிகிறது திரையில்.

போனை வைத்த மறுநொடி அது அலறியது, ரத்தினவேல். எடுக்கக் கூடாது, எடுத்தேன். "கோதை, லிங்க் வந்துடுச்சா? எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டியா?" மைக் வரவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன், பழக்கம் வாயில் உட்கார்ந்திருக்கிறது. "அப்டேட் போட்டியா? போட்டிருப்பே. முக்கியமான நாளுக்கு முந்தி யாராவது அப்டேட் போடுவாங்களா? சரி விடு. ஒரு வரி அனுப்பறேன், டெர்மினலைத் திறந்து ஒட்டு, பாஸ்வேர்ட் கேக்கும், கொடு, ஒரு நிமிஷ வேலை." அனுப்பினார். கணினியில் திறந்து வைத்திருந்த வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது, எனக்குப் புரியாத மூன்று சொற்கள், நடுவே ஒரு கோடு. கறுப்புச் சாளரத்தைத் திறந்தேன். என் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது, என்ன வேண்டும் என்று கேட்காது, என்னென்ன செய்ய முடியும் என்று சொல்லாது, சும்மா மினுக்கும், வாயில்காப்போன்போல. எவனோ ஒருவன் ஒரே ஒரு வரியைத் தவறாகத் தட்டி ஆண்டுக்கணக்கான வேலையை அழித்துக்கொண்ட கதையை இவர்தான் சிரித்துச் சிரித்து எனக்குச் சொல்லியிருக்கிறார், அந்தக் கதைக்குப் பிறகு இந்தச் சாளரத்தைக் கண்டாலே என் வினாத்தாள்களும் குறிப்புகளும் ஒரு விளிம்பில் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். ஒட்டினேன். கடவுச்சொல் கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. "ஒண்ணும் தெரியாது, அது அப்படித்தான். தட்டிட்டு என்டரை அழுத்து" என்றார். அழுத்தினேன். மன்னிக்கவும், மறுபடி முயலுங்கள் என்றது. முயன்றேன். மன்னிக்கவும். மூன்றாவது முறை ஒவ்வொரு விசையாக, குழந்தைக்கு எழுதப் பழக்குகிறவள்போல் தட்டினேன். தவறான கடவுச்சொல் என்று சொல்லி என்னை வெளியே தள்ளியது.

"தப்பாத் தட்டறே கோதை." தப்பாகத் தட்டவில்லை. "கேப்ஸ் லாக் பாரு." இல்லை. "அப்ப பாஸ்வேர்டை மறந்துட்டே." இன்று காலை அதைக் கொடுத்துத்தானே உள்ளே வந்தேன். "என்ன பாஸ்வேர்ட்னு சொல்லு, எங்கே தப்பு விடறேன்னு நான் பார்க்கறேன்." சொல்ல மாட்டேன் என்றேன். தனியாக வந்தபின் இந்த வீட்டில் நான் முதலில் செய்த காரியம் அதை மாற்றியது, அமைப்புகளுக்குள் போய், சுட்டியால், படம் படமாகச் சொடுக்கி, குழந்தைகள் வேலையாக. "உன் பாஸ்வேர்டை வச்சு நான் என்னடி பண்ணப் போறேன்?" என்றார், நிஜமாகவே புண்பட்டு. டி போடாதீர்கள் என்றேன். புனேயில் எங்கோ லிஃப்ட் கதவு மணியடித்தது. "சரி. திரையை எனக்குத் திறந்து விடு, இங்கேருந்தே உள்ள வந்து பண்ணிடறேன். பத்து நிமிஷம் இருக்கு, தாராளமாப் போதும்." என் சாளரத்துக்குள் அவருடைய கை. சுட்டி தானாக நகரும், நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்து பார்ப்பேன், எழுத்துகள் மழைபோல் ஓடும், மைக் வரும், பிறகு அவர் திறந்து கொடுத்த காதின் வழியாக நான் நீதிபதியிடம் இவரிடமிருந்து எனக்குப் பிரிவு வேண்டும் என்று சொல்வேன். வேண்டாம் என்றேன். "ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்றார், அப்புறம் குரல் இளகியது, அந்த இளகலை எனக்குத் தெரியும், எந்தக் கோபத்தையும்விட அதற்குத்தான் பயப்படுவேன். "சரி விடு. இன்னிக்கு முடியலேன்னா முடியலே. சொல்லிக்கலாம், தேதி வாங்கிக்கலாம். நல்லதுக்குத்தான்னு எடுத்துக்கோ. ரெண்டு மாசம் யோசிக்கக் கிடைக்கும்ல? பாரேன், ஒரு மைக் வேலை செய்யலேன்னாலும் என்கிட்டதானே பேசறே..."

துண்டித்தேன். அவர் பொய் சொல்லவில்லை, அவரிடம்தானே பேசினேன், ரெஹானாவுக்கு அடுத்தபடியாக அவரிடம்தானே. கதவைத் தட்டும் சத்தம். கீழ்வீட்டுப் பரிமளா அக்கா படியில் நின்றே, "கோதை, மோட்டார் போட்டிருக்கேன், தொட்டி வழிஞ்சா ஒரு குரல் கொடு, நான் அரிசி அரைச்சுட்டிருக்கேன்" என்றாள். அக்கா, இன்று எனக்குக் கோர்ட் என்றேன். "கோர்ட்டா? வெளியே கிளம்பறியா? புடவையில என்ன ஈரம்?" இங்கேயேதான், கம்ப்யூட்டரில் என்றேன். "அடியம்மா, வீட்டுக்குள்ளேயே கோர்ட்டா! சரி சரி, பேசு, நான் சத்தம் போடலை" என்று சொல்லிப் போன வேகத்தில் கிரைண்டரைப் போட்டுவிட்டாள், தரை அதிர்கிறது. அதிரட்டும், கேட்பதற்கு இங்கே காதே இல்லை. கறுப்புச் சாளரம் மினுக்குகிறது. அவர் அனுப்பிய வரியை மறுபடி எடுத்து ஒட்டப் போனவள் நிறுத்தினேன். இது என்ன வரி? இதில் எந்தச் சொல் என்ன செய்கிறது? என் மாணவி ஒருத்தி, எங்கிருந்தோ ஒரு பத்தியை எடுத்து அப்படியே தாளில் ஒட்டிக்கொண்டு வந்தால், முதல் வாக்கியத்துக்கு அர்த்தம் சொல், அப்புறம் உட்கார் என்பேன். உட்காருவதற்கு முன்னால் அவர்களில் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள், ஆனால் அடுத்த முறை எழுதிக்கொண்டு வருவார்கள். முதல் சொல்லைப் போனில் தேடினேன்: இந்தக் கணினியின் உரிமையாளராக நின்று செய்கிறேன் என்று அர்த்தமாம். அதற்குத்தான் கடவுச்சொல் கேட்கிறது. இதைச் சொல்ல அவருக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? அடுத்த சொல் ஒலிக்கான பகுதியின் பெயர். மூன்றாவது, அதை இறக்கிவிட்டு மறுபடி ஏற்று. அவ்வளவுதானா? மந்திரம் ஒன்றுமில்லையா? உரிமையாளர் சொல்கிறேன், ஒலியை இறக்கி ஏற்று. இதை ஒரு பொத்தானாக எழுதி அமைப்புகள் பக்கத்தில் வைக்க உலகத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும், வைத்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு ரத்தினவேலுக்கு வேலை போய்விடும் என்று விட்டுவிட்டார்களா? ஒட்ட மாட்டேன். என்ன தட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டே என் விரலால் தட்டுவேன், அழிந்தால் நான் அழித்ததாக இருக்கட்டும்.

முதல் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டினேன். திரையில், அந்தக் கறுப்புக்கு நடுவே, இறுட என்று விழுந்தது. றுகரத்தின் வால் உடைந்து, டகரத்தின்மேல் ஏறி, இறுட. இறுட என்றால் என்ன, நான் எதைத் தட்டினேன், இது எங்கிருந்து வந்தது என்று வெறித்துப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருக்கும்போது சிரிப்பு வந்தது, மெல்ல அல்ல, நெஞ்சிலிருந்து, பக்கத்தில் ஒருவரும் இல்லாத வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். காலையில் உட்கார்ந்து இரண்டாமாண்டு வினாத்தாளைத் தமிழில் அடித்தேன், விசைப்பலகையைத் தமிழில் விட்டுவிட்டு அப்படியே எழுந்துவந்திருக்கிறேன். வரியை ஒட்டியதால் அது ஆங்கிலத்தில் விழுந்தது, கடவுச்சொல்லைத் தட்டியபோது அது தமிழில் விழுந்திருக்கிறது, விழுந்தது கண்ணுக்குத் தெரியாது, அது அப்படித்தான். மூன்று முறையும் நான் சரியாகத்தான் தட்டினேன்; மூன்று முறையும் அந்தச் சாளரத்துக்குள் எந்த அகராதியிலும் இல்லாத ஒரு தமிழ்ச் சொல் இருட்டில் போய் விழுந்து, மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. இதை அவர் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு வரி தமிழ் அடித்தவரில்லை, அம்மாவுக்குக்கூட ஆங்கில எழுத்தில்தான் நல்லா இருக்கியா என்று அனுப்புவார், கேப்ஸ் லாக் பாரு, மறந்துட்டே, தப்பாத் தட்டறே. கணினி உண்மையைப் பேசும் என்றாரே, பேசியதா? மன்னிக்கவும் என்றுதானே சொல்லியது, நீ தமிழில் தட்டுகிறாய் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னதா? கறுப்புச் சாளரமும் சொல்லவில்லை, படம் போட்ட சாளரமும் சொல்லவில்லை, இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை, யாருக்காகச் செய்தோம் என்று ஒருபோதும் திரும்பிப் பார்க்காதவர்கள் செய்தவை. விசைப்பலகையை மாற்றினேன். முழு வரியையும் எழுத்தெழுத்தாகத் தட்டினேன், இடைவெளிக்கு இடைவெளி விட்டு. கடவுச்சொல், யாருக்கும் தெரியாதது. என்டர். கட்டை ஒரு மூச்சு நின்றது, ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வரியில் என் பெயரை எழுதிக்கொண்டு மினுக்கியது. தோற்றுவிட்டதா? வேலை நடந்தால் ஒன்றும் பேசாதாம், அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒலி பக்கத்துக்குப் போனேன். உள்ளீட்டுக் கருவி ஒன்று என்றது, பட்டை பச்சையாகிப் பரிமளா அக்காவின் கிரைண்டருக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படியில் நின்று, அக்கா நிறுத்துங்க, தயவுசெய்து நிறுத்துங்க என்று கத்தினேன். "தொட்டி வழிஞ்சிடுச்சா?" என்றாள். ஆமாம், வழிந்துவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன்.

கட்டம் கட்டமாகத் திரை. ஒரு கட்டத்தில் நீதிபதி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர், என்னைவிட இளையவர். ஒன்றில் ரெஹானா, கறுப்புக் கோட்டின் காலரைச் சரிசெய்கிறாள். ஒன்றில் ரத்தினவேல், வெள்ளைச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி, காதில் பெரிய ஒலிக்கருவி, விமானம் ஓட்டுகிறவரைப்போல. முகத்தில் சமாதானமான ஒரு களை, ரெஹானாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டார் போலிருக்கிறது, அவள் என் பக்கம் பார்க்காமல் பேச ஆரம்பிக்கிறாள். "அம்மா, மனுதாரர் தரப்புல ஒரு சின்னத் தொழில்நுட்பப் பிரச்சினை, மேடத்துக்கு மைக் வேலை செய்யல, அதனால இன்னொரு தேதி..." நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். வேலை செய்கிறது அம்மா என்றேன். என் குரல் நீதிமன்றக் கூடத்தில் எங்கோ ஒரு ஒலிபெருக்கியில் போய் மோதித் திரும்பி வந்தது, என்னுடையதைவிடக் கொஞ்சம் தடித்து. ரத்தினவேலின் தலை நிமிர்ந்தது. "நல்லாக் கேக்குது" என்றார் நீதிபதி, "அப்ப எதுக்குத் தள்ளணும்? பூங்கோதை, யாராவது வற்புறுத்தி இந்த மனுவைப் போட்டீங்களா?" இல்லைங்கம்மா. "சேர்ந்து வாழ இன்னொரு வாய்ப்பு இருக்கும்னு நினைக்கறீங்களா?" இல்லைங்கம்மா. "பிரியறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?" பயமில்லை, துக்கமும் இல்லை, பெரிய சாமானை நகர்த்தியபின் தரையில் தெரியும் சதுரத்தைப் பார்ப்பதுபோல் ஒன்று. சம்மதம் என்றேன். எழுதிக்கொண்டார். "ரத்தினவேல், உங்களுக்கு?"

அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு மிக அருகில் வந்திருந்தார், மூக்கு பெரிதாகத் தெரிந்தது, நெற்றியில் கோடு விழுந்திருந்தது, கணக்கு ஒன்று விடை வராமல் நிற்கும்போது விழும் கோடு. "கோதை, எப்படிச் சரிபண்ணினே?" என்றார். ரெஹானாவின் வாய் திறந்தபடி நின்றது. "மிஸ்டர் ரத்தினவேல்," என்றார் நீதிபதி, "கேள்வி கேட்டது நான்." "ஸாரி அம்மா. இல்ல, அவகிட்ட... எப்படிச் சரிபண்ணினா?" அவருக்கு விடை தெரியவில்லை. தெரியாமல் கேட்கிறார், என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை காத்திருக்கத் தயாராக. இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, இது எந்த அறையில் இருந்தது, ஏன் எனக்கு ஒரு நாளும் காட்டவில்லை, இதைக் கொண்டுவர ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டதா? சொல்லிவிட நாக்கு எழுந்தது. சொன்னால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், இறுட என்ற சொல்லைச் சொன்னால் நிஜமாகவே சிரிப்பார், பிறகு அவரிடமிருந்து வேறு ஒரு சொல் வர வேண்டியிருக்கிறது, அது வராது. "அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றேன். அவர் பின்னால் நகர்ந்து, காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஏதோ சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க சார், பதிவாகணும்" என்றார் நீதிபதி. "சம்மதம்" என்றார் ரத்தினவேல்.

உத்தரவு என்ற சொல்லும் ஒரு தேதியும் காதில் விழுந்தன, ரெஹானா நன்றி சொன்னாள், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள், கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, அவருடையது, ரெஹானாவுடையது, கடைசியில் என்னையும் வெளியே எடுத்துவிட்டார்கள். கீழே பரிமளா அக்கா கிரைண்டரை மறுபடி போட்டாள். விசைப்பலகை தமிழில் இருந்தது, ஆங்கிலத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான் என்றேன், திரையில் அவருடைய கட்டம் இருந்த இடத்தைப் பார்த்து.